ஐஸ் ரூமுக்குச் சூடு

குளிர் என்பது எரிவாயுக் குழாய்க்கு வருகிற சீக்கு என்றுதான் எனக்குப் படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். அதையே ஒருநாள் பிள்ளை பெற்றவர்களுக்கு மருந்தாகக் கொடுப்போம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், போய்யா, போய் வேறு வேலை இருந்தால் பார் என்றிருப்பேன்.

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் உப்பங்குடியில் வெயில் ஏறுவதற்கு முன்பே வெம்பகல் சங்கு ஊதிவிடும். ஊதினால் ஆடு மாடு, ஆள் அம்பு எல்லாம் நிழலுக்குள் போய்விட வேண்டும். வெறும் வெயில் என்றால் எப்படியோ சமாளிக்கலாம். கடல் ஈரமும் கூடச் சேர்ந்துகொண்டு வியர்வையைக் காயவே விடாது. வியர்வை காயாத உடம்பு உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். பெரியவர்கள் முக்கி முனகித் தாங்கிக்கொள்வார்கள். கைக்குழந்தைகள் தாங்காது. நடுவில் சில கோடைகளில் இந்த ஊரில் தொட்டில் கட்டவே பயந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஐஸ் ரூம். குழாயில் வருகிற எரிவாயுவை அழுத்தி மேலே தள்ளிவிடுகிற எங்கள் கம்ப்ரஸர் நிலையத்தின் சுவரை ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். வாசல் பலகையில் ‘வெப்பக்காப்பு மகப்பேற்றுக் கூடம்’ என்று எழுதியிருக்கும். அதை வாசித்து முடிப்பதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்பதால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதற்குக் கீழே சிவப்பில் இன்னொரு வரி: ‘தாயும் சேயும் மட்டும்.’

நான் தையல்நாயகி, இந்த நிலையத்துப் பொறுப்பாளர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே இருபது வருஷமாகப் பிழைப்பு நடத்துகிறவளுக்கு வாய் குறுகியா இருக்கும்?

என் உதவியாள் வேதரத்தினத்தின் பெண்டாட்டி செங்கமலத்துக்குப் பிள்ளை மாதம் நிறையாமலே பிறந்துவிட்டது. பொம்பளைப் பிள்ளை. உள்ளங்கையில் வைத்தால் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் பிள்ளை. நர்ஸ் ஆரோக்கியமேரி அதைத் தாயின் நெஞ்சோடு ஒட்டவைத்துத் துணியால் கட்டி, “பிள்ளைக்கு உன் சூடு போதும், உனக்கு இந்த ரூம் போதும். இந்தக் கதவைத் தாண்டி வெளிய எடுத்துட்டுப் போனா நான் பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டாள்.

நான் பார்க்கப் போனபோது செங்கமலம் காதில் பஞ்சடைத்து, தலையைச் சுற்றித் துண்டைக் கட்டி, அதற்கு மேல் போர்வையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு மேலே சுவரில் இருக்கிற காற்றுத் துவாரத்தைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் குளிரு எங்கேருந்துக்கா வருது? ஏசியும் காணோம் ஒண்ணும் காணோம்.”

“சைக்கிள் டியூப்ல காத்தைப் புடுங்கி விட்டிருக்கியா? விரல்ல எப்படி அடிக்கும்?”

“சில்லுன்னு அடிக்கும்.”

“அதேதான். பெரிய பைப்புல கேஸு நெருக்கியடிச்சு வருது, வெளிக்காத்தைப் போல எழுபது மடங்கு அழுத்தம். எங்க இன்ஜின் குடிக்கிறதும் அந்த கேஸைத்தான். ஆனா அதுக்கு அவ்வளவு அழுத்தம் ஆகாது, ஆறு மடங்கு போதும். நடுவுல ஒரு ரெகுலேட்டரை வச்சுக் குறைக்கிறோம். நெருக்கிக்கிட்டு இருந்தது திடீர்னு விரியுறப்ப ஒரேயடியா சில்லிட்டுப் போவும். கேஸுல கொஞ்சம் ஈரம் இருக்கும் பாரு, அது உள்ளேயே கட்டிதட்டி அடைச்சுக்கும். கேஸு வராது. இன்ஜின் நின்னுடும்.”

“அப்புறம்?”

“அதனால கேஸைச் சூடு பண்ணணும். முன்னாடி கரண்ட் ஹீட்டர் வச்சிருந்தோம். இப்ப இந்த ரூம்ல இருக்கிற சூட்டைத்தான் உறிஞ்சி கேஸுக்குக் குடுக்கிறோம். உங்க சூடு அங்க போவுது, அந்தக் குளிரு இங்க வருது.”

செங்கமலம் துவாரத்தை மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப இன்ஜினுக்கு ஆகாத குளிர எங்க தலையில கட்டுறீங்க.”

“உங்களுக்கு ஆகாத சூட்டை அது தலையில கட்டுறோம்ல? சரிக்குச் சரி.”

சிரித்தாள். ஆனால் போர்வையை இழுத்து இன்னும் இறுக்கிக்கொண்டாள். “பச்சை உடம்புக்கா. காத்து பட்டா ஜன்னி கண்டுரும்னு எங்க ஆளு கண்ணாடி வழியா கையைக் கையைக் காட்டுறாரு. உள்ள வந்து சொல்ல மட்டும் முடியல அவரால.”

அவள் கோபம் அதுதான். முதல் பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போனதால், இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் தீ மிதிக்கிறேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தான் வேதரத்தினம். மணிக்கட்டில் காப்புக் கட்டியாயிற்று. திருவிழா முடிந்து பிள்ளை பிறக்கும் என்று கணக்கு. பிள்ளை முந்திக்கொண்டது. காப்புக் கட்டினவன் பிள்ளை பெற்ற இடத்து வாசலை மிதிக்கக்கூடாது, தீட்டு. ஆக, பிள்ளைக்காக வேண்டிக்கொண்டவன் பிள்ளையைத் தொட முடியாமல் சுவருக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஓய்வு கிடைத்தால் போதும், கதவிலிருக்கிற வட்டக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பான்.

“இந்த வெயில்ல தரையே தீயாத்தான்டா கெடக்கு. நீ தனியா வேற மிதிக்கணுமாக்கும்” என்று ஒருநாள் சீண்டினேன்.

அவன் சிரிக்கவில்லை. “நான் உள்ள போயி, அதனால பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, எந்தச் சுவத்துலக்கா நான் முட்டிக்கிறது?” என்றான். சாமியோடு சண்டை போடலாம், பயத்தோடு எப்படிப் போடுவது?

சங்கு ஊதி உச்சி வெயில் ஏறியிருந்த ஒரு நாளில்தான் அது நடந்தது. இன்ஜினுக்குப் போகிற கேஸின் வெப்பத்தை என் கைத்திரையில் காட்டுகிற மீட்டர் பதினெட்டில் நிற்க வேண்டியது. பன்னிரண்டில் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினொன்றாயிற்று. மூன்றுக்கு வந்தால் இன்ஜின் தானாக நின்றுவிடும். இன்ஜின் நின்றால் கேஸ் ஓடாது, கேஸ் ஓடாவிட்டால் குளிர் இல்லை. வெளியே ஐம்பது டிகிரி. ஐஸ் ரூம் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பாகும்.

“அக்கா!” என்று ரெகுலேட்டர் கொட்டகையிலிருந்து கத்தினான் வேதரத்தினம். ஓடினேன். வெளியே நெருப்பாகக் கொட்டுகிறது, இங்கே ரெகுலேட்டர் முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. மேல்தொட்டித் தண்ணீர் வெயிலில் வெந்நீராகவே கிடந்தது. அதை வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தான். மேலே இருந்த பனி கரைந்தது. உள்ளே அடைத்தது அடைத்தபடியே இருந்தது.

“ரூம்லேருந்து சூடு வரலக்கா. ஃபேன் ஓடுது, பம்பு ஓடுது, எல்லாம் சரியா இருக்கு. காத்துதான் நகரவே மாட்டேங்குது.”

நான் ஐஸ் ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு சுவரைப் பார்த்தேன்.

செங்கமலம் கட்டிலுக்கு மேலிருந்த துவாரத்தில் ஒரு பழைய சேலை திணித்திருந்தது. அடுத்த கட்டிலுக்கு மேலே பெட்சீட். அதற்கடுத்து ஒரு தலையணையையே சொருகி வைத்திருந்தார்கள். சுவர் நெடுக ஒரு துவாரம் மிச்சமில்லை. துண்டு, தாவணி, குழந்தைத் துணி, ஒருத்தி வீட்டுக்காரருடைய கைலி.

“அடிப்பாவிகளா!” என்றேன். வேறென்ன சொல்வது?

“நான் மட்டுந்தான்னு நெனச்சேங்க்கா” என்றாள் ஒருத்தி.

“எல்லாரும் தூங்கினப்ப நான் அடைச்சேன். ஒரு ஓட்டைய அடைச்சா என்ன கொறஞ்சிரப் போவுதுன்னு…” என்றாள் இன்னொருத்தி. சொல்லிவிட்டுச் சுவரை நிமிர்ந்து பார்த்து, அப்போதுதான் மற்றவற்றையும் பார்த்தாள். ஒவ்வொருத்தியும் பார்த்தாள். திருடர் கூட்டத்தில் எல்லோரும் ஒரே பையில் கைவிட்டு மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

ஆரோக்கியமேரி தலையில் அடித்துக்கொண்டாள். “காலையில சேலையெல்லாம் காணோம் காணோம்னு தேடினேனே!”

செங்கமலம் மட்டும் அழுதுவிட்டாள். “வேணும்னு பண்ணலக்கா. பிள்ளை மேல காத்து பட்டுச்சு. நெத்தி சில்லுன்னு ஆயிருச்சு. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல.”

அவள் பயந்தது தப்பும் இல்லை. அவ்வளவு சிறிய பிள்ளைமேல் அந்தக் காற்று நேராக அடிக்கக்கூடாது. கட்டில்களைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். துணிகளை உருவி எறிந்தோம். காற்று ஓட ஆரம்பித்தது.

மீட்டர் இறங்குவது மெதுவானது. ஏறவில்லை. ஆறில் வந்து தடுமாறிக்கொண்டிருந்தது.

திருச்சி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஹாரூன் சார் எடுத்தார். இந்தப் பகுதி நிலையங்களெல்லாம் அவர் பார்வையில்தான். பதறாத மனிதர்.

“தையல், ஐஸ் ரூம் பெரிய கதவைத் திறந்து வெளிக்காத்த உள்ள விடுங்க. கால் மணி நேரத்துல உருகிடும்.”

“சார், உள்ள மாசம் தெகையாத பிள்ளை இருக்கு.”

அவர் இழுத்தார். “எடுத்துட்டு வேற எங்கயாவது…”

“வேற எங்க சார்? அதைத் தூக்கிட்டு இந்த வெயில்ல எந்தத் திசைக்கு ஓடச் சொல்றீங்க?”

“சரி, சரி. கோபப்படாதீங்க. உள்ள இப்ப எத்தனை பேரு?”

“தாய்மாருங்க ஒரு பத்துப் பன்னெண்டு பேரு. பிள்ளைங்க. நர்ஸு.”

“அவ்வளவுதானா?” அவர் எதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது. “அந்த ரூமை நூறு பேருக்குக் கணக்குப் போட்டுல்ல கட்டினோம். ஒரு ஆளு சும்மா உக்காந்திருந்தாலே நூறு வாட் சூடு குடுப்பாங்க, பழைய குண்டு பல்பு மாதிரி. நூறு பல்பு எரிய வேண்டிய எடத்துல பத்து எரிஞ்சா கேஸு எப்படிச் சூடாகும்? இத்தனை நாள் எப்படித்தான் ஓடுச்சோ. ஏன் ஆள் விடல?”

“தாயும் சேயும் மட்டும்னு போர்டு மாட்டினது உங்க ஆபீஸ்தான சார்?”

“ஆள் கூடினா குளிர் போதாதுன்னு யாரோ பயந்திருப்பாங்க.” என்றவர் தானே ஒத்துக்கொண்டார். “தப்புதான். ஆள் குறைஞ்சதால உள்ள குளிர் அதிகமாயிருக்கு. குளிர் அதிகமானதால அவங்க அடைச்சிருக்காங்க.”

குளிர் தீர்ந்துவிடும் என்று பயந்து ஊரையே வெளியே நிறுத்திவைத்திருந்தோம். இங்கே உள்ளே இருந்தவர்களுக்கும் இன்ஜினுக்கும் ஒரே குறைதான், ஆள் இல்லாத குறை.

“சார், போனை வைங்க. எனக்கு பல்பு வேணும்.”

நிலையத்து வாசலுக்கு எதிரே தகரப் பந்தல் ஒன்று இருக்கிறது. தாய்மார்களின் வீட்டு ஆட்கள், வீட்டில் நிழல் போதாத உப்பளத்து ஜனங்கள் எல்லாம் சங்கு ஊதினால் அங்கேதான் ஒதுங்குவார்கள். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வாயைத் திறந்தபடி கிடப்பார்கள். ஐஸ் ரூம் சுவர் அவர்கள் கண்ணெதிரேதான் நின்றது. ஒருவரும் ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை.

“எல்லாரும் எந்திரிச்சு உள்ள வாங்க! உங்க சூடு வேணும்!” என்று கத்தினேன்.

ஒருத்தர்கூட அசையவில்லை. இந்தப் பொம்பளைக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார்கள்போல.

“என்ன வேணும்ங்க?” என்றார் ஒருவர்.

“சூடு! உங்க உடம்புல இருக்கு பாருங்க, வேணாம் வேணாம்னு தண்ணிய ஊத்தி அணைக்கிறீங்களே, அது! அது இல்லாம உள்ள இன்ஜின் நிக்கப் போவுது. நின்னா உங்க பேரன் பேத்தி அத்தனையும் வெந்துபோவும். வாங்கன்னா வாங்களேன்!”

பெண்கள் எழுந்துவிட்டார்கள். ஆண்கள் தயங்கினார்கள். பிள்ளை பெற்ற கூடத்துக்குள் ஆம்பளை எப்படி நுழைவது என்று ஒருவன் முணுமுணுத்தான். பந்தலின் ஒரு மூலையில் மஞ்சள் வேட்டிக்காரர்கள் கும்பலாக இருந்தார்கள். எல்லோர் மணிக்கட்டிலும் காப்பு. அவர்கள் நடுவில் பூசாரி கலியபெருமாள், உதடு வெடித்து, முகம் கன்றிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“நாங்க விரதக்காரங்கம்மா. தீட்டு” என்றான் அவர்களில் ஒருவன்.

நான் வாயைத் திறப்பதற்குள் கலியபெருமாள் கையைத் தரையில் ஊன்றி எழுந்தார்.

“நேர்த்திக்கடன்னா என்னடா? உடம்பைக் குடுக்கிறதுதானடா? தீயில குடுக்கிறதை இன்னிக்குக் குளிருல குடு. ஆத்தா வெக்கையில கெடக்கா, அவளும் கூட வருவா. காப்புக் கட்டி விட்டது நான். பாவம்னு ஒண்ணு வந்தா எந்தலையோட போவட்டும்.” என்னைப் பார்த்து, “வழி எங்கம்மா?” என்றார்.

அப்புறம் என்ன, கோயில் கதவு திறந்ததுபோல் கூட்டம் வந்தது. ஆரோக்கியமேரி வாசலில் நின்று எல்லோருக்கும் கை கால் கழுவ வைத்தாள், இருமுகிறவர்களைத் தூரத்து மூலைக்கு அனுப்பினாள், கட்டில் பக்கம் வந்தால் காலை ஒடிப்பேன் என்றாள். தரை முழுக்க ஜனம். உள்ளே வந்த கிழவர் ஒருவர் சுவரில் சாய்ந்து, “யப்பா…” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, வியர்வையா வேறா என்று நான் பார்க்கவில்லை.

மீட்டர் ஐந்துக்குப் போயிருந்தது. அங்கேயே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு ஆறு. ஏழு. பத்தைத் தாண்டியபோது ரெகுலேட்டர் பக்கமிருந்து உள்ளே அடைத்திருந்தது படபடவென்று விட்டுக்கொடுக்கிற சத்தம் கேட்டது. இன்ஜின் ஒருமுறை செருமிவிட்டு ஒழுங்கான மூச்சுக்கு வந்தது. ஐஸ் ரூமில் போர்வைகள் ஒவ்வொன்றாக விலகின. முதல்முறையாக அந்தக் கூடத்தில் யாரும் நடுங்கவில்லை, யாரும் வேகவும் இல்லை.

வேதரத்தினம் வாளியும் கையுமாக வராந்தாவுக்கு வந்து நின்றான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, கண் சிவந்திருந்தது. “சரியாயிருச்சுக்கா” என்றான். அவனுக்காகக் கதவைத் திறந்து பிடித்தேன். அவன் நிலைப்படிக்கு ஒரு அடி தள்ளியே நின்றான்.

“உள்ள வாடா. வெளியே நின்னா செத்துப் போவ” என்றேன்.

“ரெகுலேட்டர் கொட்டகையில இருக்கேங்க்கா. அங்க கொஞ்சம் நெழலு இருக்கு.”

“பூசாரியே உள்ளதான உக்காந்திருக்காரு?”

“அவரு பிள்ளை இல்லையேக்கா உள்ள இருக்கிறது.”

செங்கமலம் கட்டிலை விட்டு இறங்கினாள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி, தரையில் கிடந்த கால்களையெல்லாம் தாண்டிக்கொண்டு, வாசலுக்கு உட்புறமாக வந்து நின்றாள். எத்தனை நாள் கோபம் அது, குரலில் நடுங்கியது.

“ஊருல உள்ளவன் சூடெல்லாம் எம்பிள்ளைக்கு ஆவும். பெத்தவன் சூடு மட்டும் ஆவாதா?”

அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாளியைக் கீழே வைத்தான். நிலைப்படியைத் தாண்டும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டான், நிஜமாகவே தீயில் கால் வைப்பவன் மாதிரி.

ஆரோக்கியமேரி அவனைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, சட்டையைக் கழற்றவைத்து, சுவரோரம் உட்கார்த்தி, பிள்ளையை அவன் நெஞ்சில் ஒட்டவைத்தாள். மேலே ஒரு துணியைப் போர்த்தினாள். பிள்ளை மூக்கைச் சுளித்தது, அவன் நெஞ்சு முடியை விரலால் பிடித்துக்கொண்டது. அவன் மூச்சே விடவில்லை. “மூச்சு விடுய்யா, நீ விட்டாத்தான அதுவும் விடும்” என்றாள் செங்கமலம். அழுதுகொண்டே சிரித்தாள். நான் என் முந்தானையைத் தேடினேன். வேலைக்குச் சட்டை போட்டு வந்திருப்பது மறந்துபோயிற்று, சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

மீட்டர் பதினெட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் கையிலிருந்த திரையைப் பார்ப்பதை அவனும் பார்த்தான். பயம் மறுபடி அவன் முகத்தில் ஏறியது.

“அக்கா, சரியாயிருச்சுல்ல? நான் வெளிய போயிரட்டுமா? நான் ஒருத்தன் எந்திரிச்சுப் போனா அது இறங்குமா?”

அவனுக்குத் தெரியாதா என்ன, என்னோடு சேர்ந்து அதே மீட்டரைத் தினமும் பார்க்கிறவன்தானே. நூறு பேர் அடைந்து கிடக்கிற கூடத்திலிருந்து ஒரு ஒல்லிப்பயல் எழுந்து போனால் அது இம்மியும் அசையாது.

“இறங்கும்” என்றேன். “ஆடாம அசையாம அப்படியே உக்காரு.”